நித்தியகல்யாணியும் தெருநாயும்

நாய்க்கும் பூனைக்கும் வரும் புற்றுநோயைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் வரலாறு கற்பித்துக் காலங்கழித்த ஒருவன் பேச வருவது நேயர்களுக்கு வியப்பாக இருக்கலாம். நான் மருத்துவன் அல்லேன். ஆசிரியப் பயிற்சி பெற்று, முப்பது ஆண்டுகளுக்கு மேல் சுண்ணக்கட்டியோடு பழகி, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். ஆயினும் இந்நோயின் வரலாற்றை நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிட்டு மேலே செல்வதே நேர்மை.

1996ஆம் ஆண்டு. தென்மாவட்டம் ஒன்றில், கரிசல் நிலத்து ஊரொன்றின் நடுநிலைப் பள்ளியில் நான் தலைமையாசிரியனாக இருந்தேன். பள்ளியை ஒட்டி வளர்ந்த தெருநாய் ஒன்று இருந்தது. வெள்ளை நிறம், ஆகையால் பிள்ளைகள் அதற்கு வெள்ளச்சி என்று பெயரிட்டிருந்தனர். மதிய உணவில் மிஞ்சியதை உண்ணும், இரவில் பள்ளியைக் காக்கும், யாரையும் கடித்ததில்லை. அந்த ஆண்டு மழைக்காலத்தில் அதன் பின்புறத்தில் கோழிக்கொண்டை போன்று சிவந்த கட்டி ஒன்று தோன்றியது. உட்கார்ந்து எழுந்த இடங்களிலெல்லாம் இரத்தம் சொட்டியது. "இது புற்று, பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும்" என்று பெற்றோர் சிலர் வந்து முறையிட்டனர். ஒட்டுமா ஒட்டாதா என்று யாரையேனும் கேட்டறிய வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நாய்பிடிப்போரை அனுப்பிவைக்குமாறு நான்கு வரியில் ஒரு கடிதம் எழுதினேன்.

மூன்றாம் நாள் சுருக்குக் கம்பியோடு இருவர் வந்தனர். நாய் கிணற்றடிப் புதருக்குள் புகுந்துகொண்டது. என் குரலுக்கு அது வரும் என்று பிள்ளைகள் சொல்லியதால், என்னையே அழைக்கச் சொன்னார்கள். அழைத்தேன். வாலை ஆட்டிக்கொண்டு வந்தது.

அந்தக் கிணற்றடியில் புதராக மண்டிக் கிடந்தது நித்தியகல்யாணி. ஊதாவும் வெண்மையுமாக ஆண்டு முழுவதும் பூக்கும் செடி. ஆடு மாடு தீண்டாது; நீர் ஊற்ற வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் அதைச் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். பூசைக்கு எடுப்பவர்களும் உண்டு, வீட்டில் வளர்க்கக் கூடாது என்பவர்களும் உண்டு. அந்தச் செடியை இங்கு நான் குறிப்பிடுவதன் காரணம் பின்னர் விளங்கும்.

ஓய்வு பெற்றபின், 2018ஆம் ஆண்டில், என் பழைய மாணவர் ஒருவரை அவருடைய மருத்துவமனையில் காண நேர்ந்தது. சென்னை வேப்பேரியில் 1903ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் அவர். ஊரார் மாட்டாஸ்பத்திரி என்று அழைக்கும் இடத்தில் அன்று மாடு ஒன்றும் இல்லை. மேசைமேல் ஒரு தெருநாய் நின்றுகொண்டிருந்தது. வெள்ளச்சிக்கு இருந்த அதே கட்டி, அதே சிவப்பு.

"இது பிழைக்குமா, தம்பி?" என்று கேட்டேன்.

"முதலில் இன்னதென்று பார்த்துவிடலாம், ஐயா" என்றார்.

கண்ணாடிச் சில்லு ஒன்றைக் கட்டியின்மேல் மெல்ல ஒற்றி எடுத்தார். அதைக் காற்றில் உலர்த்தி, நீலச் சாயம் ஏற்றி, கழுவி, நுண்பெருக்கியின் கீழ் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். உருண்டை உருண்டையான உயிரணுக்கள், நெருக்கமாகக் கொட்டிய மணிகளைப் போலக் கிடந்தன. ஒவ்வொன்றின் உள்ளேயும், கருவைச் சுற்றி, ஒளி ஊடுருவும் சிறு குமிழிகள் வரிசையாக இருந்தன. "இந்தக் குமிழிகள்தாம் அடையாளம், ஐயா. வேறு கட்டிகளில் இப்படி ஒழுங்காக அமைவது அரிது" என்றார். கால் மணி நேரத்தில் நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது.

எல்லாக் கட்டிகளும் இவ்வாறு எளிதில் அகப்படுவதில்லை என்பதையும் அவரே சொன்னார். சிலவற்றில் மெல்லிய ஊசியைச் செலுத்தி உயிரணுக்களை உறிஞ்சி எடுக்க வேண்டும். சிலவற்றில் ஒரு துண்டையே வெட்டி எடுத்து ஆராய வேண்டும். நாயின் மடியில் வரும் கட்டிகளுள் ஏறத்தாழப் பாதியே தீயவை. பூனையின் மடியில் வருபவையோ பத்தில் எட்டுக்கு மேல் தீயவை. கையால் தடவிப் பார்த்து நல்லது கெட்டது சொல்லிவிட முடியாது. இவையெல்லாம் மனிதருக்கும் பொருந்துவனவே. ஆனால் அன்று மேசைமேல் இருந்த நாயின் கட்டி மனிதருக்கு வரும் புற்று எதனோடும் ஒப்பிட முடியாத ஒன்று. அது நாய்க்கு நாய் தொற்றும். பெரும்பாலும் இனச்சேர்க்கையின்போது தொற்றும். சில வேளை மோப்பம் பிடிப்பதாலும் நக்குவதாலும் மூக்கிலும் வாயிலும் பற்றும். மனிதருக்குத் தொற்றுவதில்லை. இதைக் கேட்டபோது என் முகம் எப்படி இருந்ததோ, நான் அறியேன்.

அன்று முதல் இந்நோயின் வரலாற்றைத் தேடத் தொடங்கினேன். வரலாற்று ஆசிரியனுக்குத் தெரிந்த பரிகாரம் அதுதானே!

1810ஆம் ஆண்டிலேயே லண்டனில் டெலபீர் பிளேன் என்னும் கால்நடை மருத்துவர், நாய்களின் பிறப்புறுப்பில் தோன்றும் இத்தகைய சதை வளர்ச்சியைத் தம் நூலில் குறித்திருக்கிறார். அதைப் புற்று என்று அவர் அறிந்திருக்க வழியில்லை. உயிரினங்கள் யாவும் உயிரணுக்களால் ஆனவை என்னும் கொள்கையே அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் பிறந்தது.

அடுத்த பெரிய செய்தி ரஷ்யாவிலிருந்து வருகிறது. ஒரு விலங்கின் புற்றைப் பிறிதொரு விலங்கின் உடலில் வளர்க்க இயலுமா என்று மருத்துவர் பலர் முயன்று தோற்றிருந்த காலம் அது. 1876ஆம் ஆண்டில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் மிஸ்டிஸ்லாவ் நோவின்ஸ்கி என்னும் இளம் கால்நடை மருத்துவர் நாயின் கட்டியிலிருந்து சிறு துணுக்குகளை வெட்டி நாய்க்குட்டிகளின் தோலுக்கடியில் வைத்தார். பலமுறை ஒன்றும் நடக்கவில்லை. சிலமுறை துணுக்கு வேர்பிடித்து வளர்ந்தது. அவ்வாறு வளர்ந்த கட்டியிலிருந்து துணுக்கெடுத்து மற்றொரு குட்டிக்கு வைத்தார், அதுவும் வளர்ந்தது. புற்றுநோய் ஆராய்ச்சியில் ஓர் உடலின் கட்டியை வேறோர் உடலுக்கு மாற்றி வளர்ப்பதில் முதல் வெற்றி இதுவே என்பர். மனிதர்களின் மருத்துவர் செய்து முடியாததை விலங்குகளின் மருத்துவர் ஒருவர் செய்தார் என்பதை இங்கே சற்று நின்று சொல்ல விரும்புகிறேன். "மாட்டு டாக்டர்" என்று நாம் இளக்காரமாகச் சொல்லும் பழக்கம் இன்றும் போகவில்லை.

அதே 1876ஆம் ஆண்டில்தான் ஜெர்மனியில் ராபர்ட் காக், அடைப்பான் நோய்க்குக் காரணமான கிருமியை விளக்கி எழுதினார். அதன்பின் அறிஞர் உலகம் முழுவதும் கிருமி வேட்டையில் இறங்கியது. தொற்றும் நோய் எதுவாயினும் அதற்குக் கிருமி இருந்தே தீரவேண்டும் என்பது அக்காலத்து நம்பிக்கை. ஆகவே நாயின் இக்கட்டியைக் கண்டவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தனர். தொற்றுகிறது, ஆகையால் இது புற்றன்று, கிருமியால் வந்த வீக்கமே என்றனர் ஒரு சாரார். நுண்பெருக்கியில் பார்த்தால் புற்றாகவே இருக்கிறதே என்றனர் மறுசாரார். 1904 முதல் 1906 வரை ஜெர்மானியராகிய அன்டன் ஸ்டிக்கர் இக்கட்டியை நாயிலிருந்து நாய்க்கு மாற்றி மாற்றி விரிவாக ஆராய்ந்தார். இதற்கு ஸ்டிக்கர் கட்டி என்ற பெயரும் வழங்கலாயிற்று. உயிருள்ள உயிரணு சென்று சேர்ந்தாலன்றி நோய் பற்றுவதில்லை என்பது இத்தகைய சோதனைகளால் மெல்ல மெல்லத் தெளிவாயிற்று.

அப்படியானால் தொற்றுவது எது? விடை வியப்புக்குரியது. தொற்றுவது கிருமி அன்று. கட்டியின் உயிரணுவே தொற்றுகிறது. ஒரு நாயின் உடலிலிருந்து உதிர்ந்த உயிரணு மற்றொரு நாயின் உடலில் ஒட்டி, அங்கே குடியேறி, பெருகுகிறது. இதற்குச் சான்று இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிடைக்கத் தொடங்கியது. நாயின் உயிரணு ஒவ்வொன்றிலும் 78 நிறக்கோல்கள் உண்டு. குரோமோசோம் என்று சொல்கிறோமே, அவைதாம். இக்கட்டியின் உயிரணுவிலோ பெரும்பாலும் 57 முதல் 59 வரையே காணப்பட்டன. ஜப்பானில் பார்த்தாலும் வேறு நாட்டில் பார்த்தாலும் இந்தக் குறைவு ஏறத்தாழ ஒரே வகையாக இருந்தது. நாய்தோறும் புதிதாகப் பிறக்கும் புற்றாக இருந்தால் இவ்வொற்றுமை எப்படி வரும்?

2006ஆம் ஆண்டு லண்டன் ஆராய்ச்சியாளர்கள் இத்தாலி, இந்தியா, கென்யா ஆகிய நாடுகளின் நாய்களிலிருந்து எடுத்த கட்டிகளை மரபணு முறையில் ஒப்பிட்டனர். கட்டியின் மரபணு அது வளர்ந்த நாயின் மரபணுவோடு பொருந்தவில்லை. ஆனால் மூன்று நாட்டுக் கட்டிகளும் ஒன்றோடொன்று பொருந்தின. அதாவது, அத்தனை கட்டிகளும் என்றோ ஒருநாள் வாழ்ந்த ஒரே நாயின் உடலிலிருந்து வந்தவை. அந்த நாய் இறந்துவிட்டது. அதன் உயிரணுக்கள் இறக்கவில்லை. நாய்விட்டு நாய் மாறி இன்றும் வாழ்ந்துகொண்டிருக்கின்றன.

எப்போது வாழ்ந்த நாய் அது? ஆஸ்திரேலியாவிலும் பிரேசிலிலும் எடுத்த இரண்டு கட்டிகளின் மரபணுக்களை முழுதும் படித்து, 2014ஆம் ஆண்டு ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன்பு என்று கணித்தனர். 2019ஆம் ஆண்டு 43 நாடுகளிலிருந்து 546 கட்டிகளைச் சேர்த்து ஆராய்ந்தபோது, 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்குள் ஆசியாவில் தோன்றியது என்று திருத்தினர். கணக்கு மாறியதைக் கண்டு நகைப்போர் உண்டு. அரசர்களின் ஆட்சியாண்டுகளையே ஒவ்வொரு கல்வெட்டு கிடைக்குந்தோறும் நாம் திருத்தி எழுதவில்லையா? சான்று பெருகப் பெருகக் காலம் நெருங்கி வரும். ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பு அந்த உயிரணு தன் பிறந்த இடத்தை விட்டுப் பரவத் தொடங்கிற்று. ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முன்பு, ஐரோப்பியர் கடல் கடந்து குடியேறிய காலத்தில், கப்பலில் சென்ற நாய்களோடு அமெரிக்கக் கண்டத்தை அடைந்தது. வகுப்பறையில் கொலம்பஸ் சென்ற வழியைப் படம் வரைந்து காட்டிய எனக்கு, அக்காலத்துக் கப்பல்களில் இப்படியும் ஒரு பயணி சென்றது தெரியாமற் போயிற்று.

பூனைக்கு இவ்வாறன்றி வேறு வகையில் புற்று தொற்றுகிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், ஒரே வீட்டில் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அடுத்தடுத்து இரத்தப் புற்றும் நிணநீர்ப் புற்றும் வந்தன. அதைக் கவனித்த வில்லியம் ஜாரட் என்னும் கால்நடை நோயியல் அறிஞர் ஆராய்ந்து, இதற்குக் காரணமான வைரஸை 1964ஆம் ஆண்டு தம் குழுவினரோடு வெளிப்படுத்தினார். இங்கே ஒரு பூனையிலிருந்து மற்றொரு பூனைக்குச் செல்வது வைரஸ்; அது சென்ற இடத்து உயிரணுவைக் கெடுத்துப் புற்றாக்குகிறது. காரணம் தெரிந்தபின் இரத்தப் பரிசோதனை வந்தது. 1985ஆம் ஆண்டில் தடுப்பூசியும் வந்தது. பூனை வளர்ப்போர் தம் மருத்துவரிடம் இதைக் கேட்டறிவது நல்லது.

இனி மருந்துக்கு வருவோம். நாயின் அந்தக் கட்டியை முற்காலத்தில் கத்தியால் அறுத்தார்கள். வெட்டிய இடத்தில் ஓர் உயிரணு எஞ்சினாலும் மீண்டும் வளர்ந்தது. கதிர்வீச்சு நல்ல பயன் தந்தது. ஆனால் அக்கருவி எத்தனை ஊரில் இருக்கிறது? தானாகவே கரைந்து மறைவதும் சில நாய்களில் காணப்பட்டது. ஆயினும் அதை நம்பிக் காத்திருக்க முடியாது.

இச்சிக்கலுக்கு விடை தந்தவர்கள் கட்டியைத் தேடிப் புறப்பட்டவர்கள் அல்லர். நாயைத் தேடிப் புறப்பட்டவர்களும் அல்லர். 1952ஆம் ஆண்டு கனடாவில் மருத்துவ ஆராய்ச்சியாளராகிய ராபர்ட் நோபிள் என்பவருக்கு, மருத்துவராகிய அவருடைய தமையனார் ஓர் உறையில் இலைகளை அனுப்பினார். ஜமைக்காத் தீவில் நீரிழிவுக்கு அந்த இலையைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறார்கள் என்று அங்கிருந்து வந்த செய்தி. நோபிள் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். இரத்தச் சர்க்கரை குறையவில்லை. ஆனால் சாற்றை ஊசி வழியாகச் செலுத்தியபோது எலிகளின் இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்தன. எலிகள் நோயுற்று மாண்டன. வேறொருவராயின் குப்பையில் எறிந்திருப்பார். வெள்ளணுக்களைக் குறைப்பது, வெள்ளணுக்கள் வெறிகொண்டு பெருகும் இரத்தப் புற்றை அடக்காதா என்று அவர் எண்ணினார். சார்லஸ் பீர் என்னும் வேதியியல் அறிஞரோடு சேர்ந்து அச்சாற்றிலிருந்து வின்பிளாஸ்டின் என்னும் பொருளைப் பிரித்து 1958ஆம் ஆண்டு வெளியிட்டார். அதே காலத்தில் அதே செடியை ஆராய்ந்துகொண்டிருந்த அமெரிக்காவின் இலை லில்லி நிறுவனத்தார் அதன் உடன்பிறப்பாகிய வின்கிறிஸ்டினைப் பிரித்தெடுத்தனர். 1963ஆம் ஆண்டு அமெரிக்க அரசு அதை மருந்தாக ஏற்றது. குழந்தைகளின் இரத்தப் புற்றில் அது செய்த நன்மையை உலகம் அறியும்.

அந்தச் செடி எது? நேயர்கள் இதற்குள் ஊகித்திருப்பார்கள். மடகாஸ்கர் தீவிலிருந்து உலகெங்கும் பரவிய நித்தியகல்யாணி. எங்கள் பள்ளிக் கிணற்றடியில் மண்டிக் கிடந்த அதே செடி. திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரத்து மானாவாரி நிலங்களில் அதைப் பயிராகவே விளைத்து, இலையையும் வேரையும் உலர்த்தி வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்திருக்கிறார்கள். பல நூறு கிலோ உலர்ந்த இலையிலிருந்து கிடைப்பது ஒரு கிராம் அளவே. ஆகையால் இலையை அரைத்து நாய்க்குப் பூசலாம் என்று யாரும் கருதிவிட வேண்டாம். செடி நச்சுத்தன்மை உடையது.

1980, 1982ஆம் ஆண்டுகளில் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் இம்மருந்துகளை நாயின் தொற்றுக் கட்டிக்குக் கொடுத்துக் கண்ட பயனை எழுதி வெளியிட்டனர். வின்கிறிஸ்டின் ஒன்றே போதும் என்பது தெளிவாயிற்று. பத்தில் ஒன்பது நாய்க்கு மேல் முற்றிலும் குணமாகின்றன. புற்றுநோய் வரலாற்றில் இத்தகைய வெற்றி மிக அரிது.

இந்த ஆண்டுகளைக் குறித்துக்கொண்டபின் என் மாணவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். கேட்க வேண்டாம் என்று எண்ணியும் கேட்டேன்.

"1996இல் இந்த மருந்து நம் நாட்டில் இருந்ததா, தம்பி?"

அவர் சற்றுத் தயங்கினார். வெள்ளச்சியோடு விளையாடிய பிள்ளைகளுள் அவரும் ஒருவர். "இருந்தது, ஐயா. அப்போது எங்களுக்குத்தான் தெரியாது" என்றார். "எங்களுக்கு" என்று அவர் சொன்னது என்மீது கொண்ட மரியாதையால். நான்காம் வகுப்பில் படித்த சிறுவனுக்குத் தெரிய வேண்டியதில்லை. கடிதம் எழுதியவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். குறைந்தது, பேருந்தில் ஒரு மணி நேரப் பயணத்தில் இருந்த கால்நடை மருத்துவமனையில் கேட்டிருக்க வேண்டும்.

அன்று மேசைமேல் நின்ற நாயின் சிகிச்சைக்கு நானே வாரந்தோறும் உடன் சென்றேன். அதைக் கொண்டுவந்திருந்த தேநீர்க் கடைக்காரருக்கு ஒவ்வொரு வாரமும் கடையை மூடிவிட்டு வர இயலாது. மருந்தின் அளவு மிகச் சிறிது. உடல் எடை ஒரு கிலோவுக்கு 0.025 மில்லிகிராம் என்பது வழக்கமான கணக்கு. இரத்த நாளத்துக்குள் மட்டுமே செலுத்த வேண்டும். ஒரு சொட்டு வெளியே கசிந்தாலும் அவ்விடத்துச் சதை வெந்து புண்ணாகிவிடும். ஆகையால் நாய் அசையாதிருக்க வேண்டும். அதன் தலையைப் பிடித்துக்கொள்வது என் வேலை. ஊசி போடுமுன் ஒவ்வொரு முறையும் இரத்தம் எடுத்து வெள்ளணுக்களை எண்ணினார். நோபிளின் எலிகளில் குறைந்த அதே வெள்ளணுக்கள்! குறைந்திருந்தால் ஒரு வாரம் ஒத்திவைப்பார். மூன்றாம் வாரம் அவ்வாறு ஒத்திவைக்க நேர்ந்தது. நாய் சோறு உண்ணாமல் சோர்ந்து கிடந்தது. பிழைக்காதோ என்று நான் அஞ்சினேன். பிறகு தேறிவிட்டது.

முதல் ஊசிக்குப் பின்னரே இரத்தம் சொட்டுவது நின்றது. இரண்டாவதற்குப் பின் கட்டி பாதியாயிற்று.

இந்நோய் பரவாமல் தடுக்க வழி என்ன என்று காத்திருந்த நேரங்களில் பேசிக்கொள்வோம். பிரிட்டனில் தெருவில் திரியும் நாய்கள் கட்டுப்படுத்தப்பட்டதால் இருபதாம் நூற்றாண்டில் இந்நோய் ஏறக்குறைய மறைந்தேவிட்டது. அதற்கென்று யாரும் திட்டமிடவில்லை. நம் நாட்டில் தெருநாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்து விடுவிக்கும் விதிகள் 2001ஆம் ஆண்டு வந்தன. 2023ஆம் ஆண்டு அவை புதுப்பிக்கப்பட்டன. கருத்தடை செய்த நாய் பெரும்பாலும் இணைசேராது. இணைசேராத நாய்க்கு இந்நோய் வருவது மிகக் குறைவு. விதி இருப்பது வேறு, ஊர்தோறும் அது நடப்பது வேறு என்றார் என் மாணவர். அரசுப் பள்ளியில் பணியாற்றியவனுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

ஐந்தாவது ஊசிக்கு அடுத்த வாரம் சென்றபோது கட்டி இருந்த இடத்தில் தடவிப் பார்த்தார், ஒன்றும் தட்டுப்படவில்லை. மீண்டும் கண்ணாடிச் சில்லால் ஒற்றி எடுத்துச் சாயம் ஏற்றினார். நெடுநேரம் பார்த்தபின் எழுந்து என்னைப் பார்க்கச் சொன்னார். அந்த உருண்டை உயிரணுக்களை நானும் தேடினேன். இல்லை. இன்னும் சில மாதங்கள் கழித்து ஒருமுறை கொண்டுவந்து காட்டினால் போதும் என்றார்.

கழுத்தில் கயிற்றை மாட்டலாம் என்று நான் திரும்புவதற்குள் நாய் மேசையிலிருந்து குதித்துவிட்டது. வாயிற்படியைத் தாண்டி, சாலையைக் கடந்து, தேநீர்க் கடை இருக்கும் திசை நோக்கி ஓடியது. நான் அதை அழைக்கவில்லை.